பட்டை உரிப்பவனின் சாவு: அமெரிக்கச் சிறுகதைகளைத் தோல் ஊர்களிலிருந்து வாசித்தல்

சாவுக்கு முன்னால் எல்லாரும் சமம் என்று சொல்வதுண்டு. சுடுகாடும் சுடுகாட்டுப் பாதையும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிற நாட்டில் இதை எப்படித்தான் வாய் கூசாமல் சொல்ல முடிகிறதோ. இதே பேச்சு இலக்கியத்துக்குள் நுழையும்போது ‘மானுடப் பொதுமை’ என்று பேரை மாற்றிக்கொள்கிறது. அமெரிக்கச் செவ்வியல் சிறுகதைகளில் மரணம் என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டால், கல்லூரிக் கையேடு தொடங்கி ஆய்வேடு வரைக்கும் ஒரே பாட்டுதான். எட்கர் ஆலன் போவிடம் மரணம் பயம். ஆம்ப்ரோஸ் பியர்ஸிடம் அது காலத்தின் மாயம். ஸ்டீஃபன் கிரேனிடமும் ஜாக் லண்டனிடமும் இயற்கையின் அலட்சியம். ஹெமிங்வேயிடம் வாய்விட்டுக் கதறாமல் தாங்கிக்கொள்ளுதல். ஃபாக்னரிடம் பழைய காலத்தின் பிணவாடை. எல்லாம் சரிதான், பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் சாகிறவன் எப்போதும் ‘மனிதன்’. அவன் என்ன வேலை பார்த்தான், அவன் பிணத்தை யார் எடுத்தார்கள் என்பது கேள்வியே கிடையாது.

இந்தக் கதைகள் நமக்கு வந்து சேர்ந்த வழியும் கொஞ்சம் முக்கியம். பனிப்போர்க் காலத்தில் யுஎஸ்ஐஎஸ் உதவியோடு அமெரிக்க நூல்கள் மலிவு விலையில் தமிழில் வந்தன. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் உழைத்தார்கள், நல்ல கதைகளும் கிடைத்தன. கூடவே ஒரு வாசிப்பு முறையும் வந்து இறங்கியது: தனிமனிதன், அவன் மனம், அவன் முடிவு. நம் சிறுபத்திரிகை மரபே இந்த வாசிப்பை ரொம்ப காலம் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது. அந்தக் கதைகளைத் தூக்கியெறிய வேண்டும் என்பதல்ல இங்கே பேச்சு. வேறொரு இடத்தில் உட்கார்ந்து படித்தால் அவற்றில் என்ன தெரிகிறது என்பதுதான். இடம் பாலாற்றங்கரை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து இந்த ஊர்களுக்கு வேறு வேறு தலைநகரம் கொடுத்துவிட்டார்கள். வாடை ஒன்றுதான்.

இந்த ஊர்களில் சாவு என்பது ஒரு தருணமல்ல, ஒரு வேலை. செத்த மாட்டைத் தூக்க ஆள் வேண்டும். தோலை உரிக்க, உப்புத் தடவ, சுண்ணாம்புக் குழியில் இறங்கிப் புரட்ட ஆள் வேண்டும். அதே தோலைப் பறையாகக் கட்டி ஊரார் வீட்டு இழவுக்கு அடிக்க, இழவுச் சேதியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய் நடக்க, குழி வெட்ட, பிணம் வேகும்வரை காவலிருக்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தது. செத்த மாட்டைத் தூக்குவதை நிறுத்துங்கள் என்று அம்பேத்கர் தம் மக்களிடம் சொன்னதும், பறையடிக்க மாட்டோம் என்று இங்கே சேரிகளில் முடிவெடுத்ததும், சாவை ஒரு சாதியின் உத்தியோகமாக்கியதற்கு எதிரான காரியங்கள். வட ஆற்காட்டுப் பூமி நடுகற்களுக்குப் பேர்போனது. செங்கம் பக்கத்துக் கற்களைப் பாருங்கள்: ஆநிரை கவர்ந்தோ மீட்டோ செத்தவனுக்குக் கல் உண்டு, கல்லில் பேர் உண்டு, எந்த அரசன் காலம் என்பது உண்டு. உயிருள்ள மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல். செத்த மாட்டைச் சுமந்தவனுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

சாவு இலக்கியம் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் நடுகல் இலக்கியம்தான். அமெரிக்கக் கதைகளிலும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம்: யாருக்குக் கல்?

பியர்ஸின் ‘ஆந்தை ஓடைப் பாலத்தில் ஒரு சம்பவம்’ (1890) எல்லாருக்கும் தெரிந்த கதை. ரயில் பாலத்தில் தூக்குக் கயிற்றோடு நிறுத்தப்பட்ட ஒருவன் கயிறு அறுந்து ஆற்றில் விழுந்து, நீந்தி, காடு கடந்து வீட்டுக்கு ஓடுகிறான். கடைசியில் பார்த்தால் ஓட்டமெல்லாம் கழுத்து ஒடிகிற அந்த ஒரு நொடிக்குள் அவன் மனசில் நடந்தது. வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனோடு ஓடுகிறார். அவன் தப்பிவிட வேண்டுமே என்று தவிக்கிறார். யார் அவன்? தோட்ட முதலாளி, அடிமைகளை வைத்திருந்தவன். பியர்ஸ் இதை மறைக்கவில்லை, ஒரே ஒரு இடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறார். இன்னொரு இடம் இதைவிடக் கூர்மையானது. தண்ணீர் கேட்டு வந்த சிப்பாய்க்கு அந்த வீட்டம்மா தன் வெள்ளைக் கையாலேயே தண்ணீர் கொண்டுவரப் போகிறாள். ‘தன் கையாலேயே’ என்றால் மற்ற நாளெல்லாம் யார் கையால்? அந்தக் கைக்காரர்கள் கதைக்குள் வரவே இல்லை. பியர்ஸ் வடக்குப் படையில் நின்று போரிட்டவர். அவர் இதைக் கிண்டலாகத்தான் எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். வாசிப்பு மரபுதான் அந்தக் கிண்டலைத் தின்றுவிட்டு ‘மரணத் தருவாயின் உளவியல்’ என்று ஏப்பம் விட்டது.

ஃபாக்னரின் ‘எமிலிக்கு ஒரு ரோஜா’வை (1930) ஆம்பூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அதில் ஒரு வீட்டிலிருந்து நாற்றம் வருகிறது. பக்கத்து வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, ராத்திரியில் திருட்டுத்தனமாகப் போய்ச் சுண்ணாம்பு தூவிவிட்டு வருகிறார்கள். நாற்றமும் சுண்ணாம்பும் நமக்குப் புதிதா? அந்த வீட்டு மாடியறையில் ஒரு பிணம் நாற்பது வருஷமாகக் கிடக்கிறது. கதையைச் சொல்வது ‘நாங்கள்’ என்கிற ஊர். எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிற அந்த ஊருக்குப் பிணம் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஆள் அந்த வீட்டில் சமைத்து, கடைக்குப் போய்வந்து, கதவு திறந்த கறுப்பின வேலைக்காரர் டோப். எமிலி செத்ததும் வந்தவர்களுக்கு முன்வாசலைத் திறந்துவிட்டு, வீட்டுக்குள் நேராக நடந்து பின்வாசல் வழியே போய்விடுகிறார். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. சாவோடு அத்தனை வருஷம் வேலை செய்தவரைக் கதை பின்தொடரவில்லை. ஃபாக்னருக்கு அவரைப் பின்தொடரத் தெரியாமல் போனதா, பின்தொடர்ந்தால் இந்த ‘நாங்கள்’ உடைந்துபோகும் என்று விட்டாரா என்று வாதாடலாம். எனக்கென்னவோ அந்தப் பின்வாசல்தான் கதையின் நல்ல பகுதி என்று படுகிறது.

கிரேனின் ‘திறந்த படகு’ (1897) சொந்த அனுபவம். கியூபாவுக்கு ஆயுதம் ஏற்றிப்போன கொமோடோர் என்கிற கப்பல் அந்த வருஷம் ஜனவரியில் ஃபுளோரிடாவுக்கு அருகே மூழ்கியது. பத்திரிகையாளராகப் போன கிரேன் சின்னப் படகொன்றில் தப்பினார். கதையில் படகில் நாலு பேர்: கேப்டன், சமையல்காரர், நிருபர், இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவர். நாலு பேரில் எண்ணெய்க்காரருக்கு மட்டுமே கதையில் பேர் இருக்கிறது, பில்லி. நாலு பேரில் அவர் மட்டுமே சாகிறார். அவர்தான் நன்றாகத் துடுப்புப் போட்டவர், கடைசியில் எல்லாரையும் முந்தி நீந்தியவர். கரையோரத்தில் முகம் கவிழ்ந்து கிடக்கிறார். வலுவானவன் செத்து மற்றவர்கள் பிழைத்தது இயற்கையின் குருட்டுத்தனம் என்பது பாடப்புத்தக விளக்கம். ஆனால் கதையின் நடுவில், போகிற போக்கில், கிரேன் ஒரு தகவலைப் போட்டுவிட்டுப் போகிறார்: கப்பல் மூழ்குவதற்கு முன்னாலேயே இந்த ஆள் இயந்திர அறையில் இரட்டை ஷிஃப்ட் பார்த்திருந்தார். அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு கடலை எப்படிக் குற்றம் சொல்வது? கடல் நாலு பேருக்கும் ஒரே கடல். இரட்டை ஷிஃப்ட் ஒருத்தருக்குத்தான்.

இங்கே ஒரு வாசிப்புமுறை பிடிபடுகிறது. இந்தக் கதைகளில் வேலை பற்றிய சேதி எப்போதும் போகிற போக்கில்தான் வருகிறது. அந்த இடத்தில் வாசகர் நின்றுவிட வேண்டும். கதை நகர்ந்துபோனாலும் நாம் நகரக்கூடாது. அப்படி நின்று பார்க்கும்போது அகப்பட்டதுதான் ஹெமிங்வேயின் ‘இந்தியன் கேம்ப்’ (1924).

கதை ரொம்பச் சின்னது. நிக் என்கிற பையன் தன் டாக்டர் அப்பாவோடும் சித்தப்பாவோடும் ஏரியைப் படகில் கடந்து செவ்விந்தியர் குடிசைகளுக்குப் போகிறான். (‘செவ்விந்தியர்’ என்பது வெளியார் வைத்த பேர், இனி ஆதிகுடிகள் என்றே சொல்லலாம்.) அங்கே ஒரு பெண் இரண்டு நாளாகப் பிரசவ வேதனையில் கிடக்கிறாள். மயக்க மருந்து இல்லை. டாக்டர் பேனாக்கத்தியால் வயிற்றைக் கிழித்து, மீன்பிடி நரம்பால் தைத்து, குழந்தையை எடுக்கிறார். அவள் கத்துவது தன் காதில் விழுவதில்லை, அது முக்கியமில்லை என்கிற மாதிரி மகனிடம் பேசுகிறார். எல்லாம் முடிந்து, மேல்கட்டிலில் படுத்திருக்கும் புருஷனைப் பார்த்தால், அவன் சவரக் கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டு கிடக்கிறான். திரும்பும்போது பையன் அப்பாவிடம் சாவைப் பற்றிக் கேள்வி கேட்கிறான். படகிலிருந்து கையைத் தண்ணீரில் விட்டபடி, தான் மட்டும் ஒருநாளும் சாகப்போவதில்லை என்று நிச்சயமாக உணர்கிறான்.

அவன் ஏன் கழுத்தை அறுத்துக்கொண்டான்? விமர்சகர்கள் இதில் ஏகப்பட்ட மை செலவழித்திருக்கிறார்கள். மனைவியின் அலறலைத் தாங்கமுடியவில்லை என்பது ஒன்று. வெள்ளைக்காரர்கள் முன்னால் அவமானம் என்பது ஒன்று. குழந்தைக்கு அப்பன் அந்தச் சித்தப்பாதான் என்று துப்பறிந்த வாசிப்பும் உண்டு. நான் படித்த அளவில், இந்தச் சண்டையில் கதை தெளிவாகச் சொல்லும் இரண்டு சேதிகள் ஓரத்திலேயே கிடக்கின்றன. ஒன்று, அவன் மூன்று நாளுக்கு முன்னால் கோடாலியால் தன் காலை மோசமாக வெட்டிக்கொண்டு படுத்தவன். இரண்டு, அந்தக் குடிசைகள் யாருடையவை என்று ஹெமிங்வே தூரத்து விளக்கொளியைக் காட்டும்போதே சொல்லிவிடுகிறார்: மரப்பட்டை உரிக்கிற ஆதிகுடிகளுடையவை.

எதற்குப் பட்டை உரித்தார்கள்? கதை சொல்லவில்லை. தோல் ஊரில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதுமில்லை. பட்டை என்றால் தோல்தான். குரோம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்துக் குழிகளில் ஊறியது ஆவாரம்பட்டை, கூடக் கடுக்காய். பின்னால் வாட்டில் பட்டை வந்தது. ஈஸ்ட் இந்தியா தோல் என்று உலகச் சந்தையில் பேர்வாங்கியது அந்தச் சரக்குதான். அமெரிக்காவில் ஆவாரம் இல்லை, ஹெம்லாக் இருந்தது. சாக்ரடீஸ் குடித்த விஷச்செடி அல்ல இது, ஊசியிலை மரம். ஊகம் போதாது என்பவர்களுக்கு ஹெமிங்வேயே சாட்சி. ‘தந்தையரும் தனயரும்’ (1933) கதையில் அதே நிக், வளர்ந்து தானும் ஒரு பையனுக்கு அப்பனான பிறகு, அந்தக் காட்டை நினைத்துப் பார்க்கிறான். ஹெம்லாக் பட்டையை வீடு மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். உரித்த மரங்கள் காட்டிலேயே மக்கிக் கிடக்கும். வேண்டியது பட்டை மட்டும்தான். குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் அது பாயின் சிட்டி டேனரிக்குப் போகும். வருஷத்துக்கு வருஷம் காடு குறைந்து நிழலில்லாத பொட்டல் பெருகியது என்றும் அவன் நினைவு சொல்கிறது.

ஆக, உலகமெங்கும் வகுப்பறைகளில் ‘ஒரு சிறுவனின் முதல் மரண அனுபவம்’ என்று நடத்தப்படும் கதையில் செத்துக் கிடப்பவன் தோல் தொழிலின் கடைக்கோடிக் கூலி. காடு யாருடையதாக இருந்ததோ அவர்களே அந்தக் காட்டை உரித்துக் கொடுக்கும் கூலிகளாக மாறிய பிறகு நடக்கிற கதை இது. மரம் வெட்டிப் பட்டை உரிக்கிற ஆள் காலில் கோடாலி பட்டுப் படுத்துக்கிடக்கிறான் என்றால், அதைக் கதை என்ன பேரிட்டு அழைத்தாலும், வேலைநேர விபத்து என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. எழுந்து நடக்கமுடியாத காலோடு, வேலையில்லாமல், இரண்டு நாளாகக் கீழே மனைவி அலற, அதே அறையில் மேலே கிடக்கிறான். ஆண்களில் மற்றவர்கள் சத்தம் கேட்காத தூரத்துக்கு எழுந்துபோய்ப் புகைபிடிக்கிறார்கள். இவன் போகமுடியாது, கால் இல்லை. காலை எடுத்தது பட்டை. பட்டையைக் கேட்டது டேனரி. அவனுக்குக் கதையில் பேர்கூடக் கிடையாது. அவன் கழுத்து அறுபட்டது நிக்குக்குப் பாடமாகிறது. சாவு ஒருத்தனுக்கு, ஞானம் இன்னொருத்தனுக்கு.

இதை ஹெமிங்வே மீது குற்றப்பத்திரிகையாக வாசிக்க வேண்டாம். சொல்லப்போனால் அவர்தான் கோடாலியையும் பட்டையையும் நேர்மையாகக் கதையில் விட்டுவைத்தவர். சொல்லாமல் விட்டதே கதையின் பலம் என்று அவர் நம்பினார், நாமும் நம்பினோம். ஆனால் சொல்லாமல் விட்டதை யார் நிரப்பிக்கொள்கிறார்கள்? கல்லூரி வாசகர் ‘மனித நிலை’யை வைத்து நிரப்புகிறார். ஆம்பூர் வாசகரிடம் கேட்டால் ஆவாரம்பட்டையை வைத்து நிரப்புவார். பிரதி ஒன்றுதான்.

வாசிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி வடிவம். 1842-இல் ஹாதார்னின் கதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதும்போது போ ஒரு விதியைப் போட்டார்: கதை ஒரே இருப்பில் படித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஒற்றை விளைவை நோக்கி ஒவ்வொரு சொல்லும் போக வேண்டும். நான்கு வருஷம் கழித்து இன்னொரு கட்டுரையில், அழகிய பெண்ணின் சாவைவிடக் கவித்துவமான விஷயம் வேறில்லை என்றும் முடிவு கட்டினார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நம் பக்கம் திரும்புங்கள். தமிழின் முதல் சிறுகதை என்று பலர் சொல்லும் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ (1915) என்ன கதை? ருக்மிணி என்கிற அழகிய பெண் குளத்தில் விழுந்து சாகிற கதை. தாகூரின் கதையிலிருந்து பிறந்தது என்பார்கள், அதுவும் சரிதான். ஆனாலும் போவின் இரண்டு விதியும் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்ச் சிறுகதை பிறக்கும்போதே அழகிய சாவோடு பிறந்தது.

ஒற்றை விளைவு என்கிற வடிவம் திடீர்ச் சாவுக்குத் தோதானது. கயிறு இறுகுகிறது, கத்தி இறங்குகிறது, கடைசி வரியில் முதுகு சில்லிடுகிறது. இருபது வருஷம் கிணற்றுத் தண்ணீர் வழியாக வருகிற சாவுக்கு இந்த வடிவத்தில் இடமில்லை. குரோம் உப்பில் கைவைத்தவனின் விரலிடுக்கில் ஆறாத புண்ணும், மூக்குத் தண்டில் விழுகிற துளையும் ஒரே இருப்பில் முடிவதில்லை. அதில் உச்சக்கட்டம் இல்லை. போவின் ‘செஞ்சாவின் முகமூடி நடனம்’ (1842) கதையிலேயே பாருங்கள். கொள்ளைநோயில் நாட்டில் பாதிப் பேர் செத்துப்போகிறார்கள். அது ஆரம்பத்தில் சில வரி. பிரபு தன் ஆயிரம் சிநேகிதர்களோடு மடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் கதை. உள்ளே போன சீமான்களே உலையும் சம்மட்டியும் கொண்டுவந்து தாழ்ப்பாளைப் பற்றவைத்தார்கள் என்று போ எழுதுகிறார். சம்மட்டி பிடித்த சீமான்களை நான் வேறெந்தக் கதையிலும் கண்டதில்லை! ஒரு கொல்லனைக்கூட உள்ளே விட மனசில்லை அவருக்கு. வெளியே செத்த பாதி நாடு கதையாவதில்லை. உள்ளே செத்த ஆயிரம் பேர் கதையாகிறார்கள்.

மெதுவான சாவை எழுதிய அமெரிக்கக் கதை இல்லாமலில்லை. ரெபெக்கா ஹார்டிங் டேவிஸின் ‘இரும்பாலைகளில் வாழ்க்கை’ 1861-இல் அட்லாண்டிக் மந்த்லியில் வந்தது. உலைக்களத் தொழிலாளி ஒருவன் இரும்புருக்கிய கழிவில் பெண் சிலை செதுக்குகிறான். அவன் மேல் அன்புள்ள பஞ்சாலைத் தொழிலாளி ஒருத்தி அவனுக்காகத் திருடுகிறாள். அவனுக்குப் பத்தொன்பது வருஷ தண்டனை. சிறையில் தகரத் துண்டைத் தீட்டிக் கையை அறுத்துக்கொண்டு சாகிறான். சாவு கடைசியில் வருகிறது. ஆனால் அதற்கு வெகுமுன்னாலேயே அவன் செத்துக்கொண்டிருப்பது புகையிலும் சேற்றிலும் காச்சலிலும் தெரிந்துவிடுகிறது. இந்தக் கதைக்கு ஒற்றை விளைவு கிடையாது. கதைசொல்லி இடையிடையே நிறுத்தி, துணி அழுக்காகும் என்று பார்க்காமல் இறங்கி வாருங்கள் என்கிற மாதிரி வாசகரோடு மல்லுக்கு நிற்கிறார். நீளமாகவும் போகிறது. அதனாலேயோ என்னவோ செவ்வியல் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. டில்லி ஓல்சன் என்கிற எழுத்தாளர் தேடியெடுத்து மறுபதிப்பு வர 1972 ஆயிற்று, 111 வருஷம்.

நம்மிடம் புதுமைப்பித்தன் இந்த இடத்தில் முட்டிப் பார்த்திருக்கிறார். ‘மகாமசானம்’ நகரத்து நடைபாதைச் சாவு. போகிறவர் வருகிறவர் பாட்டுக்குப் போய்வர ஒருவன் சாகிறான். கெட்டிக்காரக் கதை, அதற்குமேல் எனக்கு ஒட்டவில்லை. ‘செல்லம்மாள்’ வேறு. ஜவுளிக்கடைச் சம்பளக்காரரான பிரமநாயகம் பிள்ளை, சாகும் மனைவிக்கு வெந்நீர் போடுவதும், கஷாயம் காய்ச்சுவதும், கடைக்கு நடந்துபோய் நடந்துவருவதும், கடைசியில் பிணத்தைக் குளிப்பாட்டுவதுமாக, சாவை ஒரு வீட்டுவேலையாகவே எழுதிவிட்டார். நம் மொழியில் சாவைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் அதற்கு இணை கிடையாது என்பேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன மருதியை எழுதப் புகுந்தபோது, ‘துன்பக்கேணி’ அவருக்குச் சிறுகதை அளவில் அடங்காமல் நீண்டுபோனது. வடிவத்தை உழைப்பு உடைத்த இடம் அது. டி. செல்வராஜ் திண்டுக்கல் டேனரித் தொழிலாளர்களை எழுதியபோது ‘தோல்’ (2010) பெரிய நாவலாகத்தான் வந்தது. பேர்ணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் இந்தப் பூமியின் தலித் வாழ்வைச் சிறுகதைகளில் எழுதிவருகிறார். ஆனாலும் நம் கதைப்போட்டி நடுவர்களும் தொகுப்பாசிரியர்களும் இன்றுவரை ‘கச்சிதம்’ என்றுதான் மார்க் போடுகிறார்கள். கச்சிதம் யாருடைய சாவுக்குப் பொருந்தும் என்று கேட்பதில்லை.

ரோலான் பார்த் 1973-இல் போவின் ‘வால்டெமார்’ கதையை வரி வரியாகப் பிரித்து ஆராய்ந்தார். மெஸ்மரிசத்தால் கட்டப்பட்டு ஏழு மாசம் சாவுக்கும் அழுகலுக்கும் நடுவே நிற்கும் ஒருவன், தான் செத்துவிட்டதாகத் தன் வாயாலேயே சொல்கிறான். மொழியில் சொல்லவே முடியாத வாக்கியம் இது என்பது பார்த்தின் வியப்பு. தமிழில் ‘நான் செத்தேன்’ என்று தினமும் நாலு தடவை சொல்கிறோம், அது கிடக்கட்டும். பாலாற்றங்கரையில் இந்த வாக்கியத்துக்கு வேறொரு அர்த்தம் உண்டு. நிலம் செத்துப்போச்சு, கிணறு செத்துப்போச்சு, ஆறு செத்துப்போச்சு என்று விவசாயிகள் சொல்வது உவமை அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பே, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைப் பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்கிற கொள்கை இந்திய மண்ணில் நிலைபெற்ற தீர்ப்பு அது. இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30-இல், அதே பாலாற்று மாசுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு தனிக்கதை. வால்டெமாருக்கு ஏழு மாசம்தான்.

அந்த 2025 உத்தரவுக்குச் சரியாகப் பத்து வருஷத்துக்கு ஒரு நாள் குறைவாக, 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர்ப் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச்சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச்சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ‘தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்’ என்றுதான் எல்லாரும் சொன்னோம், நானும் இப்போது அப்படித்தான் எழுதினேன். வேலை செய்கிற இடத்திலேயே ஏன் தூங்கினார்கள் என்பது கிரேனின் இரட்டை ஷிஃப்ட் மாதிரி, ஹெமிங்வேயின் பட்டை மாதிரி, போகிற போக்கில் கிடக்கிற சேதி. வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், மேஸ்திரி கணக்கு, அகாலத்தில் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டிய வசதி — முதலாளியின் வசதி — எல்லாம் அந்த ஒரு ‘ஏன்’ உள்ளே இருக்கக்கூடும். சேறு பாய்ந்த நிமிஷத்தை மட்டும் எழுதினால் போவின் கதை கிடைக்கும், நன்றாகவும் இருக்கும்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ரிச்சர்ட் ரைட் தன் முதல் கதைத் தொகுப்பில் (1938) கறுப்பின இளைஞனை உயிரோடு கொளுத்துகிற வெள்ளைக் கும்பலை, சூளைக்குழியில் ஒளிந்திருக்கும் தோழனின் கண்வழியாக எழுதியவர். புத்தகம் பாராட்டப்பட்டது. பிற்பாடு அவரே எழுதினார்: வங்கி முதலாளிகளின் மகள்கள்கூடப் படித்து அழுது மனசாறிக்கொள்ளும்படியான புத்தகத்தை எழுதிவிட்டேன், அடுத்ததில் கண்ணீரின் ஆறுதலைக்கூட அவர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிற பொருளில். அடுத்து வந்தது ‘நேட்டிவ் சன்’. நம்மூர் இரங்கல் கவிதைகளை, கழிவுத்தொட்டிச் சாவு ஒவ்வொன்றுக்கும் மறுநாளே வந்துவிடுகிற கவிதைகளை, ரைட் படித்தால் என்ன சொல்வாரோ.

ராணிப்பேட்டையில் செத்தவர்களைப் பற்றித் தமிழில் ஒரு கதை எழுதினால், எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பது நிக்கின் படகில்தான். இந்த வட்டாரத்துத் தலித் எழுத்தாளருக்கேகூட அவர்கள் பாஷை தெரியாது, ஊர் தெரியாது, வீட்டில் சாவுச் சேதி போய்ச் சேர்ந்த விதம் தெரியாது. நேற்றுவரை இந்தக் குழிகளில் இறங்கியவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்கு நகர, அந்த இடத்துக்கு வந்து நிற்கிறவர்கள் இவர்கள். இதே கதை வங்காளத்தில் எழுதப்பட்டால், ராணிப்பேட்டை அதில் போகிற போக்கில் வருகிற ஒரு பேராக இருக்கும்: தெற்கே, தோல் வேலைக்குப் போன இடம். அங்கே யாராவது ஒரு வாசகர் அந்தப் பேரில் நின்றுவிடுவார். இது எந்த ஊர், அங்கே ராத்திரியில் எங்கே படுத்தார்கள் என்று விசாரிப்பார்.